ஏர்பேட்டுக்குப் போகும் சாலை



சென்னையிலிருந்து திருப்பதி மார்க்கமாகப் பிரயாணம் செய்வோருக்கு இரண்டு சாலைகள் உண்டு. திருத்தணி, புத்தூர் வழியாகச் செல்லும் சாலையை நம்மில் பலர் அறிவோம். மற்றொன்று வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி, தடா, சூளூர்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து, நாயுடுப்பேட்டையில் மேற்கே திரும்பி, காளஹஸ்திக்கு அப்பால் ஏர்பேட்டை அடைகிறது. இது சுற்றுவழிதான். ஆயினும் ஏர்பேட்டில் யானாதிப் பழங்குடி மக்களிடையே பணிபுரியும் உடன் ஊழியர் ஒருவர் அழைத்தபோது, இந்தச் சுற்றுவழியையே தெரிந்துகொண்டேன். வீடு இழந்து இடம்பெயர்ந்த ஜனங்களின் குடியிருப்புகள் இச்சாலை நெடுகிலும் இருக்கின்றன. அவர்களைப் பார்த்துக்கொண்டே போனால்தான் ஏர்பேட்டில் காண்பது விளங்கும்.

கும்மிடிப்பூண்டி: போர் துரத்திய மக்கள்

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைத்தான் பிரயாணிகள் பார்ப்பார்கள். தமிழகத்திலுள்ள பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களுள் ஒன்றும் இங்கே இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின்பு படகுகளில் தமிழகக் கரை சேரத் தொடங்கியவர்கள், 2009-இல் போர் முடியும்வரை அலை அலையாக வந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. பலர் திரும்பிச் சென்றார்கள். 2021-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, முகாம்களில் மட்டும் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எஞ்சியிருந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 317 கோடி ரூபாயில் நலத்திட்டங்களை அறிவித்து, பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரவும் முன்வந்தது.

முகாம் வாழ்வு எளிதன்று. பத்துக்குப் பத்து அடி அறைகளிலே இரண்டு தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. ஆண்களில் அநேகர் வண்ணம் பூசும் வேலைக்குச் செல்கிறார்கள். ஆயினும் அவர்களுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. குடும்பத்தலைவர் பெயர், பிள்ளைகளின் பெயர், மாதந்தோறும் பணக்கொடை, அரிசி என எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பதிவின் அருமையை முதலில் உணர்ந்தவர்கள் அகதிகளே. தந்தை செல்வாவின் மகனான சா. செ. சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளே அகதிகளுக்குத் தொண்டாற்றிய அமைப்பு. உணவும் மருந்தும் மாலைநேர வகுப்பும் கொடுத்ததோடு, முகாம்களில் பிறந்த குழந்தைகளின் பிறப்பைப் பதிவுசெய்யும் வேலையையும் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்தார்கள். அது புகைப்படத்துக்கு ஏற்ற ஊழியமல்ல. விண்ணப்பம், கையொப்பம், முத்திரை, மறுபடியும் வரிசை, அவ்வளவே.

அதன் பலன் எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தாம் இந்தியாவில் பிறந்ததற்கான சான்றிதழைக் கொண்டு பாஸ்போர்ட் கேட்டார். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது நமது சட்டம். 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் தம் முதல் வாக்கைச் செலுத்தினார். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் ஒரு குழந்தையின் பிறப்பைத் தவறாமல் எழுதிவைத்ததன் கனி அது.

எல்லைக்கு அப்பால்

ஆரம்பாக்கத்தைத் தாண்டித் தடாவுக்குள் நுழைந்தால் ஆந்திர மாநிலம். உள்நாட்டு மோதலால் இடம்பெயர்ந்தவர்கள் இங்கும் உண்டு. அவர்கள் இம்மாநிலத்தின் வட கோடியில் இருக்கிறார்கள். 2005-இல் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக 'சல்வா ஜுடும்' என்ற ஆயுதக் குழு எழுந்தது. இரு தரப்புக்கும் நடுவில் அகப்பட்ட கோயா பழங்குடியினர் பல்லாயிரக்கணக்கில் கோதாவரிக் கரைக் காடுகளுக்குத் தப்பி வந்தார்கள். அந்தக் குழு சட்டவிரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. வந்தவர்களோ அங்கேயே தங்கிவிட்டார்கள். சொந்த மாநிலத்தில் பழங்குடியினர் என்று சான்று பெற்றவர்களுக்கு, வந்த இடத்தில் அந்தச் சான்று கிடைப்பது பெரும்பாடாயிற்று. காட்டுநிலத்துக்கும் உரிமை இல்லாமற்போயிற்று. போர் இவர்களையும் துரத்தியது. கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோன்ற பதிவேடு மட்டும் இவர்களுக்கு அமையவில்லை.

சூளூர்பேட்டை: தீவை இழந்தவர்கள்

சூளூர்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியின் குறுக்கே போகும் சாலை ஸ்ரீஹரிகோட்டாவைச் சேருகிறது. குளிர்காலத்தில் இருபுறமும் நாரைகளும் பூநாரைகளும் நிறைந்திருக்கும். இந்தத் தீவை 1969-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கென்று தெரிந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9-ஆம் தேதி முதல் சிறு ராக்கெட் இங்கிருந்து புறப்பட்டது. சந்திரயான் கிளம்பியதும் இங்கிருந்துதான். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாமெல்லாரும் மகிழ்ந்தோம்.

அதற்கு முன்பு அந்தத் தீவின் காட்டில் வாழ்ந்தவர்கள் யானாதியர். தேன், பிரம்பு, கிழங்கு, மூலிகை, மீன் ஆகியவையே அவர்களுடைய ஜீவனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பெனி அரசு தீவைத் தன்வசப்படுத்தியபின், காட்டுப்பொருள் சேகரிக்கும் கூலிகளானார்கள். அக்காட்டின் விறகு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகச் சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கு வந்தது. ஏவுதளம் வந்தபோது, குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். காட்டைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு ஜனம், காடில்லாத ஊர்களின் ஓரத்திலே குடிசை போட்டது. தேசத்துக்கு அந்த ஏவுதளம் தேவைதான். அதற்காகத் தங்கள் இடத்தைக் கொடுத்தவர்களையும் தேசம் நினைக்கவேண்டும்.

ஒரு காலத்தில் யானாதியரின் பெயர் வேறொரு பதிவேட்டில் இருந்தது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரையினர் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, அவர்களில் ஒரு பிரிவினரும் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பட்டியலில் இருந்தவர் காவல்துறையினர் முன் ஆஜராகிப் பெயர் கொடுக்கவேண்டும். சீட்டில்லாமல் ஊரைவிட்டுப் போகலாகாது. நெல்லூருக்கு வடக்கேயுள்ள காவலியில், இச்சட்டத்தின்கீழ் எருகுலர் மக்களுக்காக அமைந்த குடியிருப்பை அமெரிக்க பாப்டிஸ்து மிஷனரிகள் நடத்தினார்கள். பள்ளியும் தொழிற்பயிற்சியும் அங்கு இருந்தன. அரசின் கட்டுக்காவலும் இருந்தது. தொண்டு செய்பவர் கையிலேயே சங்கிலியும் இருக்கக்கூடும் என்பதை அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. நெல்லூர்ப் பகுதியைச் சேர்ந்த வென்னலகண்டி ராகவையா போன்றோர் யானாதியருக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார்கள். 1952-இல் அச்சட்டம் ஒழிந்தது.

ஏர்பேடு

நாயுடுப்பேட்டையில் திரும்பி, கலம்காரித் துணிகளுக்குப் பேர்போன காளஹஸ்தியைக் கடந்து சற்று நேரத்தில் ஏர்பேட்டை அடைந்தோம். திருப்பதிக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். முன்பு சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். கடைவீதியில் தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கின்றன. தமிழர் பொன்முகலி என்று அழைத்த சுவர்ணமுகி ஆறு அருகே ஓடுகிறது. பெரும்பாலான மாதங்களில் அது மணல்தான். அந்த மணலை அள்ளுவதை எதிர்த்து முறையிட 2017 ஏப்ரல் 21 அன்று காவல் நிலையத்துக்கு வந்திருந்த கிராமத்தார்மீது ஒரு லாரி பாய்ந்ததில் பலர் மாண்டார்கள். இன்றும் ஊரார் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள்.

மலையாள சுவாமி என்பவர் 1926-இல் இங்கு ஸ்தாபித்த வியாசாசிரமம், சாதி பார்க்காமலும் பெண்களை விலக்காமலும் சமஸ்கிருதக் கல்வியைத் திறந்துவிட்டது. பக்கத்திலுள்ள பாப்பாநாயுடுப்பேட்டை, கண்ணாடிக் குழம்பை இழுத்து மணிகள் செய்யும் பழந்தொழிலுக்குப் பேர்பெற்றது. இப்போது ஐஐடியும் ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிலையமும் இதே ஏர்பேட்டில் பெரிய வளாகங்களை எழுப்பியிருக்கின்றன.

இவ்வளவு கல்விக்கும் நடுவே, ஏரிக்கரை ஓரங்களில் யானாதிக் குடிசைகள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி அன்றைய ஆந்திரத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட யானாதியர் இருந்தார்கள். வயலில் எலி பிடிப்பதும், குளத்தில் மீன் பிடிப்பதும், தோப்புக்குக் காவல் இருப்பதும் அவர்களுடைய பழைய பிழைப்பு. நிலம் இல்லாததால் வீட்டில் ஒரு மரணமோ வியாதியோ வந்தால் கைநீட்டிக் கடன் வாங்குகிறார்கள். கடன் கொடுத்தவர் அதை முன்பணம் என்கிறார். குடும்பம் செங்கல் சூளைக்கோ, மரம் வெட்டவோ, வாத்து மேய்க்கவோ புறப்படுகிறது. எழுத்தில் ஒன்றும் இல்லை. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பதைக் கொடுத்தவரே சொல்லுகிறார்.

உடன் ஊழியரோடு ஒரு குடிசைக்குச் சென்றோம். "வாங்க அய்யகாரு" என்று எங்களை வரவேற்ற தாய், கூரையில் செருகியிருந்த பாலித்தீன் பையை எடுத்து அவிழ்த்தார். கணவருடைய ஆதார் இருந்தது, அவருடையது இருந்தது, மூத்த மகளுடையதும் இருந்தது. இளையவனுக்கு ஒன்றும் இல்லை. "சூளையில பொறந்தான் அய்யகாரு. அங்க யாரு எழுதுவாங்க?" என்றார். அந்தச் சூளை தமிழகத்தில் இருக்கிறது. அவனுக்கு வயது ஆறு.

எழுதப்படாத பிள்ளைக்கு என்ன நேரிடக்கூடும் என்பதை 2025 மே மாதத்தில் இந்தத் திருப்பதி மாவட்டமே கண்டது. ஒரு யானாதிக் குடும்பம் வாத்து வளர்ப்பவர் ஒருவரிடம் 25,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தது. விதவையான தாய் புறப்பட விரும்பியபோது, கடனுக்கு ஈடாகச் சிறு மகனை விட்டுப் போகும்படி செய்தார்கள். வட்டியோடு சேர்த்துப் பணத்தைத் திரட்டிக்கொண்டு தாய் வந்தபோது, மகன் ஓடிப்போய்விட்டான் என்றார்கள். காவல்துறை விசாரித்தது. சிறுவனின் சடலம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாற்றங்கரைப் பகுதியில் புதைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. எந்தப் பள்ளியின் வருகைப்பதிவேடும் அவனைத் தேடவில்லை. தாய் மட்டுமே தேடினாள்.

நாம் செய்யக்கூடியவை

அன்பானவர்களே, இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு நமது சபைகள் போர்வையும் அரிசியும் கொண்டுபோகின்றன. அது நல்லது; பசித்தவனுக்கு முதலில் ஆகாரம்தான் வேண்டும். ஆனால் அரிசி ஒரு மாதத்தில் தீரும். கும்மிடிப்பூண்டியில் அகதிகள் கற்றுக்கொண்ட பாடத்தை ஏர்பேட்டுக்கும் கொண்டுபோவோமானால், நமது உதவி பிள்ளைகளின் காலத்திலும் நிற்கும். அதற்குச் சில காரியங்களை அறிந்துகொள்ள வேண்டும்.

பிறந்து 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவுசெய்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டாலும் வழி அடைபடவில்லை. 2023-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி நிர்வாக நடுவரின் உத்தரவோடு பதியலாம். 2023 அக்டோபர் முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் ஆதாருக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். சென்னையைச் சுற்றியுள்ள சூளைகளுக்குச் சென்று வரும் சபையார், அங்கே புதிதாகப் பிறந்த பிள்ளை உண்டா, பதிவாயிற்றா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்படி அந்தக் கடன் செல்லாது. கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ முறையிட்டால் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தருவார்கள். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், குற்றம் நிரூபணமானபின் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையும் மறுவாழ்வுத் தொகைக்கு இடமுண்டு. சான்றிதழ் இல்லாமல் மீட்கப்பட்ட குடும்பத்தை, கடன் கொடுத்தவர் மறுபடியும் தேடி வருவார். வேலை செய்யும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

பழங்குடியினர் சான்றிதழ் மதத்தைப் பொறுத்தது அல்ல. யானாதி எந்த ஆலயத்துக்குப் போனாலும் யானாதியே. அதேபோல நமது உதவியும் எந்த நிபந்தனையும் அற்றதாயிருக்கட்டும். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்துக்கொண்ட நடத்தை நெறி, உதவியை மத நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்கிறது. அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு ஏழை உண்மையான பதில் சொல்லமாட்டான் என்பதை நாமும் அறிவோம்.

யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்குப் போனது குடிமதிப்பு எழுதப்படுவதற்காகத்தான். பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது உயிருக்குப் பயந்துதான். குடிமதிப்பும் அகதிப் பிரயாணமும் நமது வேதத்துக்கு அந்நியமானவை அல்ல.

ஏர்பேட்டு ஊழியர் அந்த ஆறு வயதுப் பிள்ளைக்காக விண்ணப்பம் எழுதிவிட்டார். பிறந்த இடத்தில்தான் பதிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் அந்தக் காகிதம் இப்போது தமிழகத்துக்கு வந்திருக்கிறது. சூளை எந்தத் தாலுகாவைச் சேர்ந்தது என்று நமது சபையின் இரண்டு சகோதரர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் அது முடியவேண்டும். அதற்காக ஜெபியுங்கள்; உங்கள் பக்கத்துச் சூளையிலும் போய்க் கேளுங்கள்.