வீடா, இடமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று சொல்லி வைத்த பெரியவர், சென்னைப் பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவரல்ல என்று நிச்சயமாகச் சொல்லலாம். பார்த்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார். வீடு கட்டுகிறவன் கையில் பணமாவது இருக்கும். வீடு தேடுகிறவனுக்கு உள்ள மூலதனம் அவனுடைய கால்கள்தாம்.

இந்த நகரத்தில் நான் இதுவரை நான்கு முறை ஜாகை மாற்றியிருக்கிறேன். திருவல்லிக்கேணியில் ஏழு குடித்தனங்களுக்கு ஒரே குழாய் இருந்த ஸ்டோர் வீடு ஒன்றில் என் பட்டணவாசம் ஆரம்பமாயிற்று. பிறகு ஒவ்வொரு தடவையும் வீடு சற்றுப் பெரிதாயிற்று. அலுவலகமோ சற்றுத் தூரமாயிற்று. வாடகையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கொடுத்துத் தீர்த்தேன்.

பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது இவ்வூரின் பழைய வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று சொல்கிறது. நான் கையெழுத்திட்ட பத்திரத்தில் அந்த 'வேறு ஒப்பந்தம்' தவறாமல் இடம் பெற்றிருந்தது! இதற்காக வீட்டுக்காரரை நொந்து பயனில்லை. ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் வந்து நின்றால், சட்டமும் அவர்களோடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடுகிறது. பஞ்சம் நீங்கினாலன்றி நியாய விலை நிலைக்காது. அரிசிக்கு உள்ள இந்த நியதி வீட்டுக்கும் உண்டு.

எனக்காவது மாதச் சம்பளம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிக் கொடுத்த அம்மாளின் கதை வேறு. கால்வாய்க் கரையில் அவருக்கு ஒரு குடிசை இருந்தது. பத்து நிமிஷ நடையில் வேலைக்கு வந்துவிடுவார். ஒரு நாள் குடிசைகளை அப்புறப்படுத்திக் கண்ணகி நகரில் வீடு கொடுத்தார்கள். சுவரும் கூரையும் உள்ள வீடுதான். ஆனால் அதிகாலையில் எழுந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். நாலு வீட்டு வேலை இரண்டாயிற்று. சில மாதத்தில் அதுவும் நின்றது. கடைசியாக வந்த அன்று, "வீடு குடுத்தாங்க, ஐயா! பக்கத்திலே வேலை குடுக்கலையே!" என்றார். பெரிய நிபுணர்கள் பல பக்கங்களில் எழுதும் விஷயத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் கட்டித் தருவதே முக்கிய நோக்கமாக இருந்தது. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, அந்த நோக்கம் பஸ் ஏறித் தெற்கே போய்விட்டது. 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. அதற்கப்பால் பெரும்பாக்கத்தில் எழுந்த குடியிருப்புக்கு, 2015-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல அனுப்பப்பட்டன. செங்கல்லும் சிமெண்டும் எங்கேயும் ஒரே விலைதான். ஏழைக்கு எட்டாதது நிலம். ஆகையால் நிலம் மலிந்த இடத்துக்கு ஏழையை அனுப்புகிறோம்.

வேறு வழி இல்லையா? உண்டு, சென்னையே அதை ஒரு முறை செய்து காட்டியிருக்கிறது. 1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் நிலத்தை வாங்கிச் சிறு மனைகளாகப் பிரித்தார்கள். சாலை, குடிநீர், சாக்கடை ஆகியவற்றைச் சர்க்கார் அமைத்தது. ஏழைகளுக்குரிய சிறு மனைகளின் பக்கத்திலேயே பெரிய மனைகளையும் வைத்து, அவற்றைச் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தால் சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் மனைகள் மெதுவாகவே நிரம்பின. திட்டம் தோற்றது என்று எண்ணிக் கைவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து உலக வங்கியின் ஆராய்ச்சியாளர்களே திரும்பி வந்து பார்த்தபோது, பல தரத்து மக்களும் சேர்ந்து வாழும் உயிருள்ள பேட்டைகளைக் கண்டார்கள். ஊரின் ஓரமாக இருந்த அரும்பாக்கத்துக்குப் பக்கத்தில் 2002-இல் கோயம்பேடு பஸ் நிலையம் வந்தது. 2015-இல் மெட்ரோ ரயிலும் வந்தது. நகரம் மக்களைத் தேடிக்கொண்டு போயிற்று.

"மனை பெற்றவர்களில் சிலர் விற்றுவிட்டுப் போய்விட்டார்களே!" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு வியன்னா நகரம் பதில் சொல்கிறது. முதல் மகா யுத்தத்துக்குப் பின் நிலம் மலிவாக இருந்த காலத்தில், அந்நகரசபை அதை ஏராளமாக வாங்கிப் போட்டது. 1923-இல் வீட்டு வரி ஒன்றையும் விதித்தது. சாமானியர்களுக்கு வரி சொற்பம். மாளிகைவாசிகளுக்கோ மிக அதிகம். அந்த வரிப்பணத்தைக் கொண்டு 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. கட்டியவற்றை விற்கவில்லை, வாடகைக்கே விட்டது. இன்றும் சுமார் 2,20,000 வீடுகள் அந்நகரசபைக்குச் சொந்தம்.

ஆகவே நம் நகரங்கள் செய்யக்கூடியவை மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. புதிய ரயில் பாதை எங்கே போகப் போகிறது என்பது மற்றவர்களுக்கு முன்பே சர்க்காருக்குத் தெரியும்; நிலத் தரகர்கள் முந்திக்கொள்ளுமுன் அங்கே சாமானியர்களுக்கென்று நிலம் வாங்கி வைக்கலாம். நகரின் மத்தியில் உள்ள பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, அங்கே இருந்தவர்களுக்கே முதலில் இடம் கொடுத்து, இயன்றால் இன்னும் சில குடும்பங்களையும் சேர்க்கலாம். எல்லா வீடுகளையும் விற்றுவிடாமல், ஒரு பகுதியையாவது பொதுச் சொத்தாக வைத்துக் குறைந்த வாடகைக்கு விடலாம்.

இவற்றுக்குப் பணம் வேண்டும். அதைவிட அதிகமாகப் பொறுமை வேண்டும். திறப்பு விழாவன்று பத்திரிகைகளில் படம் போடுவதற்கு வெறும் மனையும் தண்ணீர்க் குழாயும் அவ்வளவாக எடுப்பாயிராதுதான். ஆனால் விடியற்காலையில் நம் தெருக்களைப் பெருக்குகிறவர்களும், பால் போடுகிறவர்களும், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண் விழிக்கிறவர்களும் எங்கே உறங்குவது என்ற கேள்விக்கு, அந்த மனையும் குழாயுமே விடையாக இருந்திருக்கின்றன.