வெயிலைக் கற்றல்

நுவரெலியாத் தோட்டமொன்றின் இளைஞன் அவன். மூடுபனி விலகுமுன் லயத்துப் படியிறங்கித் தேயிலை மலையின் வளைபாதைகளில் ஓடிப் பழகியவன். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தின் மெல்லிய காற்றில் உரம் பெற்ற அவனுக்கு ஏற்றம் ஒரு பொருட்டன்று. எனினும், கொழும்பில் நிகழ்ந்த நெடுந்தூர ஓட்டத்தில் அவன் பாதிவழியிலே சரிந்தான். மனவுறுதி போதாது என்றனர் கண்டவர்கள்.

குறை மனத்தினதன்று. வெப்பத்தில் ஓடுபவனின் குருதிக்கு இரட்டைப் பணி: தசைக்கு உயிர்வளியை ஊட்டவேண்டும், உடலின் சூட்டைத் தோலுக்குக் கடத்தவும் வேண்டும். கடலோரக் காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாது வழிந்துவிடும். வழியும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் வெப்பத்தால் வீழ்ந்த போர்த்துக்கல் வீரர் லசாரோ மறுநாள் உயிர்நீத்தார். அவருக்கு மனவுறுதி இல்லையென்று எவர் கூறுவார்?

ஆயினும் உடல் கற்கவல்லது. 10 முதல் 14 நாள்வரை வெயிலிற் சிறுகச் சிறுக ஓடிவரின் குருதிநீர் பெருகும். வியர்வை விரைந்து சுரக்கும். அதிலுள்ள உப்புக் குறையும். ஆனால், இரண்டு வாரம் கொழும்பிலே தங்கிப் பயில்வதற்குத் தாயின் கொழுந்துச் சம்பளம் இடந்தராது. வசதி படைத்தவனும் முதல்நாளிரவுப் பேருந்தில் வந்திறங்கியவனும் ஒரே கோட்டில் நிற்பதாற் சமமாகிவிடுவதில்லை.

அடுத்த போட்டிக்கும் அவன் பெயர் கொடுத்துள்ளான். இப்பொழுது நண்பகலிலே, இரண்டு மேற்சட்டைகளை அணிந்து, தண்ணீர்ப் போத்தலுடன் அளவறிந்து ஓடுகின்றான். கொழுந்து நிறுக்குமிடத்தில் நிற்போர் நகைக்கின்றனர். மலையிற் கிடைக்காத வெயிலை அவன் தன் உடலுக்குக் கற்பித்துக்கொண்டிருக்கின்றான்.