பாசியின் வரவு செலவு

வேளாங்கண்ணிக்கு வருகிறவர்கள் கோயிலையும் கடலையும் பார்ப்பார்கள்; அக்கம்பக்கத்து வயல்களை யார் பார்க்கிறார்கள்? 26 டிசம்பர் 2004 அன்று இந்தக் கரையோர வயல்களில் சுனாமி உப்பைக் கொட்டிவிட்டுப் போனது.

நெல்வயல் தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்து தழைச்சத்து சேர்ப்பவை என்று 1939-லேயே பி.கே. டே எழுதிவிட்டார். பகலில் வெயிலால் வரவு. இரவில் சேமித்த கிளைக்கோஜனை எரித்துச் செலவு. அந்தச் செலவுக் கணக்கு சுவாச நொதித் தொகுதிகளிடம் இருக்கிறது. கணக்கை முடிப்பது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ்.

அனபீனாவில் தழைச்சத்து தயாராகும் செல்களுக்குள் ஆக்சிஜன் புகுந்தால் நைட்ரஜனேஸ் கெட்டுவிடும். புகுந்ததைத் தீர்ப்பதும் இதே வகை நொதிகள்தான். உப்பு ஏறினால், உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளவும் சக்தி வேண்டும். மூச்சுச் செலவு கூடும்.

செலவு வரவை மிஞ்சினால்? கடையானாலும் பாசியானாலும் திவால்தான் நண்பர்களே! அடுத்த முறை வயலோரம் பாசி வழுக்கினால் திட்டாதீர்கள். அது யூரியா செலவைக் குறைத்துக்கொண்டிருக்கலாம்.