கீல் அடிக்கும் பட்டறையில்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் விலை கேட்க ஆள் உண்டு. தரையோரத் தகர டப்பாவில் குவிந்து கிடக்கும் இரும்புக் கீல்களை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இலைமுனை வைத்தவை, விரித்த பட்டாம்பூச்சியாக இரு பக்கமும் அகன்றவை, மூடியின் நீளத்துக்கு ஓடும் பட்டைக் கீல்கள். ஒரு கணக்குப் பெட்டிக்கு ஜோடி தேடிக் கிளறிக்கொண்டிருந்தேன். “பழசுல ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காதுண்ணே. ஆசாரிகிட்ட அடிச்சுத்தான் வாங்கணும்” என்று கடைக்காரர் வழி சொன்னார்.

செட்டிநாட்டு வீட்டின் தலைவாசல் கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டி நிற்கும் குடுமி, நிலையிலுள்ள குழியில் அமர்ந்து சுழலும். பர்மாத் தேக்கின் கனம் முழுவதும் நேராகக் கீழே இறங்கிவிடும். கீலுக்கு அந்த வசதி இல்லை. பக்கவாட்டில் தொங்கும் கனத்தை ஒரு கம்பியிலும் சில ஆணிகளிலும் அது பிடித்து நிற்கவேண்டும். ஆகவே கீலின் இடம் சின்னக் கதவுகள்தான்: சுவரலமாரி, சாமி மாடம், சன்னல், வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளையின் சாய்வு மூடிப் பெட்டி.

கடைக்காரர் வழி சொன்ன பட்டறை சாலையோரத்து ஓலைக் கொட்டகை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத்தில் இரும்படிப்பவர்களுக்கு அரிவாளும் மண்வெட்டியும்தான் சோறு போடுகின்றன. கீல், கேட்டால் மட்டும். உலையில் சீமைக்கருவேலங்கரி. துருத்தி போய் மின்விசிறி வந்திருக்கிறது. மற்றபடி பட்டடை, சம்மட்டி, குறடு எல்லாம் ஆசாரியின் அப்பா கையாண்டவை.

“அரிவாளுக்கு லாரிப் பட்டா வேணும் தம்பி, விறைப்பா நிக்கணும். கீலுக்கு அது ஆகாது. வளைஞ்சு கொடுக்குற இரும்பா இருக்கணும்” என்றார் ஆசாரி. பழைய மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டை கிடைத்தால் கீலுக்கென்றே ஒதுக்கிவைக்கிறார். அவற்றில் சில தேனிரும்பு. உள்ளே கசடு இழை இழையாக ஓடும். சூட்டில் நன்றாக இழையும், துருவுக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பெரிய அளவில் தேனிரும்பு காய்ச்சிய கடைசி ஆலை இங்கிலாந்தின் போல்டன் நகரில் 1973இல் மூடப்பட்டது. இனிப் பழைய இரும்பிலிருந்து எடுத்தால்தான் உண்டு. கிடைக்காத நாளில் மைல்ட் ஸ்டீல் பட்டை.

வேலை தொடங்கியதும் பேச்சு நின்றுபோனது. ஆசாரி சிறு சுத்தியலால் தட்டிக் காட்டும் இடத்தில் அவர் மனைவியின் சம்மட்டி விழுகிறது. சுத்தியல் வெறும் பட்டடையில் ஒலித்தால் நிறுத்து என்று பொருள். பட்டையின் ஒரு முனையை நீட்டி உளியால் இலையாக வெட்டினார். மறுமுனையை மெலிதாக்கி, ஒரு தகட்டில் நடுவிலும் இன்னொன்றில் இரு ஓரத்திலும் இடம் விட்டுக் கத்தரித்தார். பிறகு செஞ்சூட்டில் எடுத்து ஒரு கம்பியைச் சுற்றி மடக்கினார். இந்த மடக்கில்தான் கீலின் ஆயுள் இருக்கிறது. மூன்று சுருளும் ஒரே நேரில் நிற்கவேண்டும். நூலளவு பிசகினாலும் கம்பி ஒரு பக்கமாகத் தேயும், ஒரு வருஷத்தில் மூடி சரியும். ஆசாரி அரத்தால் ராவினார், கோத்தார், கழற்றினார், மறுபடி ராவினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் போதும் என்று தோன்றிய பிறகும் அவருக்குப் போதவில்லை.

ஆணித் துளைகளை டிரில்லால் போடவில்லை, சூட்டிலேயே தமரால் குத்தினார். அப்படிக் குத்தும்போது இரும்பின் பெரும்பகுதி வெட்டுப்படாமல் விலகிக் கொடுக்கிறது. துளையோரம் லேசாகப் புடைத்துப் பலமாக நிற்கிறது. கடைசியில் கம்பியின் இரு முனைகளையும் குளிர்ந்த நிலையில் தட்டித் தலையாக்கினார். ஒரு தகட்டைக் கிடையாகப் பிடித்து மற்றதை விட்டார். “தன் கனத்துல மெல்ல இறங்கணும். தொபுக்குனு விழுந்தா லூசு. அப்படியே நின்னுட்டா இறுக்கம்.” அது மெல்ல இறங்கியது.

கறுப்பு நிறத்துக்குப் பெயின்ட் இல்லை. செம்மை அடங்கிய சூட்டில் எண்ணெய்த் துணியால் துடைக்க, புகைந்து படலம் பிடிக்கிறது. துருவேறிய பழைய கீல் வந்தால் சுரண்டிவிட்டுக் கடுக்காய் ஊறிய நீரைத் தடவுகிறார். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருநீலமாகிறது.

சந்தையில் ‘ஆன்டிக்’ என்று விற்கும் கீல்களில் பலவற்றுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி, அந்த அச்சிலேயே சுத்தியல் தழும்பையும் பதித்து, உப்புநீரோ அமிலமோ தெளித்துத் துரு ஏற்றுகிறார்கள். இரண்டு கீல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தழும்புகள் ஒரே இடத்தில் இருந்தால் அது அச்சு. துரு சுருளுக்குள்ளும் போயிருக்கும், அசைத்தால் கரகரக்கும். வாங்குபவரை ஏமாற்றுவது ஒருபுறம்; ஓடவேண்டிய இடத்தில் துருவை வைத்து விற்பது தொழிலுக்கே செய்யும் கேடு. ஆசாரியின் கீல் புதியது. புதியது என்று சொல்லியே விற்கும் தகுதி அதற்கு இருக்கிறது.

மரமும் கணக்கில் வரும். ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை காக்கும். கப்பல் கட்டியவர்கள் தேக்கை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். செட்டிநாட்டுத் தேக்குப் பெட்டிகளில் தலைமுறைகள் கடந்தும் இரும்புக் கீல் உறுதியாக இருப்பதில் மரத்துக்கும் பங்குண்டு. பெட்டியின் வயதைப் பார்ப்பவர்கள் திருகாணியையும் பார்க்கட்டும். சிலுவைக் கீறல் திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெட்டியில் அது இருந்தால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஜோடி முடிய அரை நாள் போனது. கூலி ஜோடிக் கணக்கு. சம்மட்டி அடித்த அம்மாவுக்கு அதில் தனிப் பங்கு கிடையாது. கடைக்குப் போனதும் அதே ஜோடி பல மடங்கு விலைக்கு நிற்கிறது. அந்த அம்மா தோளைப் பிடித்தபடி உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இந்தக் கணக்கு சரி என்று சொல்லமாட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியோ அலமாரியோ சரிந்திருந்தால் கீலைக் கழற்றி எறியாதீர்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது ஊடுகம்பி மட்டும்தான், அதை மாற்றிவிடலாம். புதிதாகவே வேண்டுமென்றால் மூடியின் அளவையும் பலகையின் கனத்தையும் குறித்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்கு நேரில் போங்கள். அடிக்கிற இரண்டு பேருக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள்.