ஐப்பசிக் கம்பு

அரளிக்கு வேர்விட வைக்கும் பவுடர் தேவையே இல்லை. கிளையை ஒடித்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டுவைத்தாலே வேர் எட்டிப் பார்க்கும். முருங்கைக்குப் போடுவது வீண்செலவு. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி முருங்கைப் போத்தை ஊன்றி, தலையில் ஒரு சாணி உருண்டையை அப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கைராசிக்காரி என்று தெருவில் பெயர். பிச்சிக் கொடியையும் நந்தியாவட்டைக் கிளையையும் கொண்டுவந்து, "உங்க கையாலயே ஊனித் தாங்க ஆச்சி" என்று பெண்கள் வாசலில் நிற்பார்கள்.

கைராசியாவது ஒன்றாவது. அவள் கம்பு பார்த்து எடுப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் நான். பிச்சியில் நுனிக் கொழுந்தைத் தொட மாட்டாள், அழுகிவிடும். அடிக்கட்டையும் ஆகாது, முற்றல். இடைப்பட்ட தண்டை விரலில் வளைப்பாள். துவண்டால் வேண்டாம், படக்கென்று ஒடிந்தால் சரி. கணுவை ஒட்டிக் கீழே சாய்வெட்டு, மேலே நேர்வெட்டு. அடியிலையை உருவி, மேலிலையைப் பாதியாகக் கிள்ளி, ஆற்று மணலில் ஊன்றுவாள். "தலைகீழா ஊனிராதட்டி." அடி எது, தலை எது என்று குழம்பாமலிருக்கத்தான் அந்தச் சாய்வெட்டு.

தலைகீழாக ஊன்றினால் ஏன் வராது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். கொழுந்தில் ஊறும் ஆக்சின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியே அடியை நோக்கித்தான் இறங்கும். வெட்டுவாயில் வந்து தேங்கும். அங்கேதான் வேர் கிளம்பும். இந்த ஆக்சினை 1934இல் நெதர்லாந்தில் கோகல் குழுவினர் மனித மூத்திரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். (ஆச்சி கேட்டிருந்தால், "இதுக்கா சீமைக்குப் போவணும்?" என்றிருப்பாள்.) ஆனால் அது வெளிச்சத்தில் சீக்கிரம் கெட்டுவிடும். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் வேர்விட வைப்பதைக் காட்டினார்கள். நர்சரிக்காரர்கள் சொல்லும் ஐ.பி.ஏ. இதுதான். தண்ணீரில் லேசில் கரையாது. ஆல்கஹாலில் கரைத்துத்தான் திரவமாக்க வேண்டும். பவுடர் என்றால், டால்க்கில் இதைத் துளியளவு கலந்தது.

அதே சிம்மர்மன் 1942இல் ஹிட்ச்காக்குடன் சேர்ந்து எழுதி அறிவித்த ஒரு செயற்கை ஆக்சின் எங்கள் வீட்டுத் தொழுவிலேயே இருந்தது. டூ-ஃபோர்-டி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஏ.எஸ்.டி. 16 நெல் நட்டிருந்த வயலில் அப்பா களைக்கு அடிப்பார். இரண்டொரு நாளில் அகன்ற இலைக் களையெல்லாம் தண்டு முறுக்கி, இலை சுருண்டு கிடக்கும். நெல் பாட்டுக்கு நிற்கும். துளியாகக் கொடுத்தால் வேரைக் கிளப்புகிற குடும்பம், அளவு மிஞ்சினால் செடியைத் தாறுமாறாக வளரவைத்தே கொன்றுவிடும். பவுடரை அள்ளி அப்பிய கம்பு அடி கருத்துச் சாவதற்கும் இதுவே காரணம்.

சாணிக்கு வருகிறேன். 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரே பிருகத் சம்ஹிதையில் பலா, அசோகம், மாதுளைக் கம்புகளைச் சாணி பூசி நடச் சொல்லியிருக்கிறார். ஆச்சி அதையெல்லாம் படித்தவளில்லை. வெட்டுவாய் காயாமல் சாணி காக்கும், அது நிச்சயம். வேருக்கும் அதுதான் மருந்து என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

ஆச்சி தோற்றது டெல்லி கனகாம்பரத்திடம் மட்டும்தான். நாட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த கதிரில் தண்ணீர் தெளித்தால் பட்டுப் பட்டென்று வெடித்து விதை சிதறும். எங்களுக்கு அது விளையாட்டு. அதே நினைப்பில் டெல்லிச் செடியில் கதிர் காயட்டும் என்று காத்திருந்தாள். அது மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மலட்டு ரகம், விதை கட்டாது. கிளையிலிருந்து கிளையாகவே ஊரெல்லாம் பரவியிருக்கிறது. நெல்லைப் பூக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் டெல்லி கனகாம்பரத்தில் ஒன்றுகூட விதையில் முளைத்த செடியில் பூத்ததில்லை.

போன பங்குனியில் பாளையங்கோட்டை நர்சரி ஒன்றுக்குப் பவுடர் கேட்டுப் போனேன். ஆற்றில் மணல் அள்ள முடியாத காலம். தட்டு முழுக்கத் தென்னை நார்க்கழிவு. அங்கிருந்த பெண் இட்லிப்பூக் கம்புகளை நட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவுக்குள் கம்பை விடவில்லை. ஈரம் பட்டால் மிச்சமும் வீணாகும். ஒரு காகிதத்தில் சிட்டிகை கொட்டி, அடி நுனியை மட்டும் ஒற்றி, விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள். ஒட்டிய பவுடர் உரசிப் போகாமலிருக்க, ஈர்க்குச்சியால் முதலில் குழி குத்திக்கொண்டு பிறகே கம்பை இறக்கினாள்.

டெல்லி கனகாம்பரத்துக்குப் பவுடர் வேண்டும் என்றேன். நிழல்வலைக்கு வெளியே காய்கிற வெயிலைக் காட்டினாள். "இந்த வெயில்ல வீட்டுல வச்சா பவுடர் என்னக்கா செய்யும்? ஐப்பசில வாங்க, கம்பும் நானே வெட்டித் தாரேன். அவசரம்னா வேர் விட்ட கன்னு இருக்கு, முப்பது ரூவா."