றங்குப் பெட்டி

பத்திரிகைக்காரரிடம் ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. தான் தேடிச் சேர்த்த தகவலை இன்னொருவர் தொடுவதை மனம் ஒப்பாது. நானும் விதிவிலக்கல்லன். செய்தி நறுக்குகள், குறிப்பேடுகள் அனைத்தையும் ஒரு றங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் இளம் நிருபர் ஒருவர் ஒரு கட்டுரைக்காகப் பழைய குறிப்பொன்றைக் கேட்டார். "நீரே தேடி எடும் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அண்மையில் மகளுடன் இருந்து 'சின்டெல்' என்ற அசைவூட்டக் குறும்படத்தைப் பார்த்தேன். 2010இல் வெளியானது, பதினைந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். சின்டெல் என்ற பெண் காயம்பட்ட டிராகன் குட்டி ஒன்றைப் பேணி வளர்க்கிறாள். பெரிய டிராகன் ஒன்று அதைத் தூக்கிச் செல்கிறது. பனியிலும் பாலையிலும் தேடியலைந்து, இறுதியில் ஒரு குகையில் பெரிய டிராகனைக் கொல்கிறாள். அதன் சிறகிலுள்ள பழைய தழும்பைக் கண்ட பின்னரே, தான் கொன்றது தான் தேடிய குட்டியையே என்று அறிகிறாள். தேடலில் கழிந்த காலத்தில் அது வளர்ந்துவிட்டது, அவளும் முதுமையடைந்துவிட்டாள்.

படம் உருவான கதை அதனிலும் வியப்பானது. கொலின் லெவி இயக்கிய இப்படம் 'பிளெண்டர்' என்ற திறந்த மூல மென்பொருளால் ஆம்ஸ்டர்டாமில் உருவானது. அம்மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் 2002இல் நொடித்தபோது, மூலநிரலை விடுவிக்க ஒரு இலட்சம் யூரோ தேவைப்பட்டது. ரொன் ரூசென்டால் விடுத்த வேண்டுகோளுக்கு இணங்கிப் பயனாளர்கள் ஏழு வாரங்களில் அத்தொகையைத் திரட்டிக் கொடுத்தனர். 'சின்டெல்' படத்துக்கும், முடிவதற்கு முன்னரே இறுவட்டை விலை கொடுத்து வாங்கிப் பலர் கைகொடுத்தனர்.

படக்குழுவினர் படத்தை மட்டும் கொடுக்கவில்லை. பாத்திர வடிவங்கள், காட்சிக் கோப்புகள் யாவற்றையும் சேர்த்தே கொடுத்தனர். ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், எவரும் எடுத்தாளலாம். கொடுத்ததால் அவர்கள் குறைந்துபோகவில்லை. அதே பிளெண்டரில் உருவான லத்வியத் திரைப்படம் 'ஃப்ளோ' 2025இல் ஒஸ்கார் விருது பெற்றது.

அன்றிரவு பெட்டியைத் திறந்தேன். அந்த நிருபர் கேட்ட குறிப்பேடு அடியில் கிடந்தது. பூச்சி அரித்து, பாதிப் பக்கங்கள் தூளாகியிருந்தன. அவர் எழுத நினைத்த கட்டுரை எழுதப்படவே இல்லை. அவரும் தொழிலை விட்டுப் புலம்பெயர்ந்து நெடுங்காலமாகிவிட்டது.

எஞ்சிய பக்கங்களை மகள் படம்பிடித்துத் தந்தாள். அவருக்கு அனுப்பிவைத்தேன். பெட்டியை இப்போது பூட்டுவதில்லை.