தங்கையின் முதற் போட்டி

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் முன்னோர் வாக்கு. ஜிம்னாஸ்டிக் விளையாட்டுக்கு இப்பழமொழி சொல்லுக்குச் சொல் பொருந்தும். அதில் உயர்ந்த நிலையை அடைந்தோரிற் பலர் ஐந்து, ஆறு வயதிலேயே மெத்தையில் குட்டிக்கரணம் போடத் தொடங்கியவர்கள். ஆனால் பிள்ளை தானாக வளைவது வேறு. பிறர் பிடித்து வளைப்பது வேறு. இவ்வேறுபாட்டை நான் அறிந்தது என் தங்கையின் மூலமே.

தங்கைக்கு இப்போது எட்டு வயது. ஆறு வயதில், வீட்டுக்கு அண்மையிலுள்ள பயிற்சி நிலையம் ஒன்றுக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் சென்றுவந்தாள். ஓடுவதும் உருளுவதும் கம்பியில் தொங்குவதுமாக அது அவளுக்கு வெறும் விளையாட்டாகவே இருந்தது. ஓராண்டு கழிந்ததும் தலைமைப் பயிற்றுவிப்பாளர் அம்மாவை அழைத்து, “பிள்ளையின் உடல் நன்றாக வளைகிறது. போட்டிக் குழுவில் சேர்க்கலாம். ஆனால் வாரத்தில் நான்கு நாள் வரவேண்டும்” என்றார்.

அன்றிரவு வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. “பொம்பிளைப் பிள்ளை, கை கால் முறிஞ்சால் என்ன செய்யிறது?” என்றார் அம்மம்மா. அப்பாவோ, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் மில்கா கெஹானி பங்குபற்றி, அப்போட்டிக்குச் சென்ற இலங்கையின் முதல் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையானதை நினைவூட்டினார். பயிற்சிக் கட்டணம், பாடசாலைப் பாடங்கள், பிள்ளையின் நித்திரை ஆகியவற்றை எண்ணிக் கவலைப்பட்டார் அம்மா. இறுதியில் அவரே தங்கையை மடியில் இருத்தி, “உனக்கு விருப்பமா?” என்று கேட்டார். அவள் சற்று யோசித்துவிட்டு, “அக்காவும் வருவாவா?” என்றாள். அன்றுமுதல் அவளை அழைத்துச் செல்வது என் பொறுப்பாயிற்று.

முதல் வாரங்களில் வித்தைகள் எவையும் கற்பிக்கப்படவில்லை. சுவரிற் காலைச் சாய்த்துத் தலைகீழாக நிற்றல், கம்பியில் தொங்கி முழங்காலை உயர்த்தல் என உடலை வலுப்படுத்தும் அப்பியாசங்களே நடந்தன. விழும்போது கையை விறைப்பாக ஊன்றாமல் உடலைச் சுருட்டி உருளவும் பழக்கினார்கள். பெண்களுக்குரிய நான்கு உபகரணங்களுள் சமநிலைச் சட்டமே தங்கைக்குப் பெரும் சவாலாக இருந்தது. அது 5 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது, 1.25 மீற்றர் உயரத்தில் இருப்பது. முதலில் தரையில் வரைந்த கோட்டிலும், பின்னர் தாழ்வான சட்டத்திலும் பழகிய பின்னரே உயரமான சட்டத்தில் ஏறவேண்டும். ஒரு படி கைவராமல் மறுபடிக்குச் செல்லலாகாது.

வளரும் பிள்ளையின் எலும்புகளின் நுனிப்பகுதி முற்றாகக் கடினமடையாதது. ஆகவே மணிக்கட்டு நோவை அலட்சியம் செய்யக்கூடாது என்று பயிற்றுவிப்பாளர் கூறியிருந்தார். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வீடு திரும்பும்போது, “எங்கேயாவது நோகுதா?” என்று கேட்பேன். களைப்பு, ஓர் இரவு நித்திரையில் தீர்ந்துவிடும். மறுநாட் காலையும் இருக்கும் நோவை அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

மூன்றாம் மாதத்தில் ஒரு சோதனை வந்தது. புதிதாக வந்த உதவிப் பயிற்றுவிப்பாளர் ஒருவர், இரு கால்களையும் முன்னும் பின்னுமாக நீட்டி அமரும் பயிற்சியின்போது தங்கையின் தோள்களைப் பிடித்து அழுத்தினார். அவள் வலியால் அழுதாள். “அழாமல் யாருக்கும் பதக்கம் கிடைப்பதில்லை” என்றார் அவர். மறுநாள் தங்கை வயிற்று வலியென்று கூறிப் படுத்துக்கொண்டாள். நான் நடந்ததை வீட்டில் சொன்னேன். “இதைப் பெரிதுபடுத்தினால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களோ?” என்று அப்பா தயங்கினார். “நீக்கினால் நீக்கட்டும். பிள்ளை போதும் என்று சொன்னால் கை எடுக்கப்பட வேண்டும்” என்றார் அம்மா. அவர் நேரிற் சென்று தலைமைப் பயிற்றுவிப்பாளரிடம் அமைதியாகப் பேசினார். பிள்ளைகளைப் பலவந்தமாக அழுத்துவதில்லை என்றும், பெற்றோர் எந்நேரமும் இருந்து பார்க்கலாம் என்றும் அவர் உறுதியளித்தார்.

அம்மாவின் உறுதி எத்துணை அவசியமானது என்பதை உலக நிகழ்வுகளும் காட்டுகின்றன. அமெரிக்க அணியின் வைத்தியராக இருந்த ஒருவரால் தாம் துன்புறுத்தப்பட்டதை, 2018இல் 150இற்கும் மேற்பட்டோர் நீதிமன்றில் எடுத்துரைத்தனர். அவர்களிற் சிலர் முன்னரே முறையிட்டும் பெரியவர்கள் செவிசாய்க்கவில்லை. அவ்வணியின் சிமோன் பைல்ஸ், டோக்கியோவில் தன் மனமும் உடலும் ஒத்துழைக்காததை உணர்ந்து குழு இறுதிப்போட்டியின் நடுவே விலகினார். அவரே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். “முடியாது” என்று சொல்லத் தெரிந்திருப்பதும் ஒரு வீராங்கனைக்கு வேண்டிய தகுதியே.

சென்ற ஆண்டு தங்கை தன் முதற் போட்டியில் பங்குபற்றினாள். சமநிலைச் சட்டத்தில் திரும்பும்போது கால் தவறி விழுந்தாள். ஒருமுறை விழுந்தால் ஒரு முழுப் புள்ளி குறையும். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீண்டும் ஏறி எஞ்சியதைச் செய்து முடித்தாள். இடம் எதுவும் கிடைக்கவில்லை. அப்பா புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாமல் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் அவள், முதலிடம் பெற்ற சிறுமி பாய்ந்த அழகைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி முதன்முதலாகப் பத்துக்குப் பத்துப் புள்ளிகள் பெற்றபோது அவருக்கு வயது 14. இன்றைய விதிப்படி அவ்வயதில் அவர் ஒலிம்பிக்கிற் பங்குபற்றவே முடியாது. பிள்ளைகளின் நலன் கருதி, 1997 முதல் பெண்களுக்கான வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. அவ்வாறாயின் எட்டு வயதுப் பிள்ளையை அவசரப்படுத்துவது ஏன்?

எனவே, தம்பி தங்கையரை விளையாட்டுத்துறையில் ஊக்குவிக்கும் நாம், அவர்களின் திறமையோடு விருப்பத்தையும் கவனித்தல் வேண்டும். முன்னால் நின்று இழுப்பதும் பின்னால் நின்று தள்ளுவதும் நம் பணியல்ல. அருகில் நடந்து, அவர்கள் சொல்வதைக் கேட்பதே நம் பணி. பதக்கம் வரலாம், வராமலும் போகலாம். மறுநாளும் விருப்பத்தோடு பயிற்சிக்குப் புறப்படும் பிள்ளையே உண்மையில் வளரும் பிள்ளை.